தேடற் சாதனம்

சொந்தக் கணினியில் தாமே சேமித்துவைத்த ஒரு கடிதத்தைக் கண்டெடுக்க விரும்பும் கனவான்கள், கண்ணால் தேடும் அநாகரிக வழக்கத்தைக் கைவிட்டு, ‘ரீகால்’ என்னும் தேடுமென்பொருளை ஸ்தாபித்து, அத்துடன் திருப்தியடையாமல், அதைப் பைதான் மொழியிலிருந்து ஏவுவதற்குரிய தொகுதியை மூலநிரலினின்றும் தம் கையாலேயே கட்டி நிறுவத் துணிவது பெரிதும் சிலாகிக்கத்தக்கது. இதற்கு ஸாப்பியன் நூலகம் வேண்டும். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் வேண்டும். பைதானின் ஹெடர் கோப்புகள் வேண்டும். இவையாவும் ஒன்றோடொன்று பிணங்காத பதிப்புகளாக வாய்ப்பதற்குப் பூர்வபுண்ணியமும் வேண்டும். டெபியன் லினக்ஸின் 12ஆம் பதிப்பு முதலாகப் பொதுப் பைதானுக்குள் ‘பிப்’ என்னும் நிறுவுகருவி கொண்டு எதையும் நுழைக்க இயந்திரம் சம்மதிப்பதில்லை. ஆயினும், அமைப்பு உடைந்தாலும் பாதகமில்லை என்று கட்டளை வரியிலேயே எழுதிக்கொடுக்கும் உத்தமர்களுக்கு மறுபேச்சின்றி வழிவிடுகிறது. எந்த அரசாங்க அலுவலகத்தில் இத்தனை தாராளம் உண்டு?

தொகுதி அமர்ந்தபின் ‘மெயில்’ என்று தேடினால் விடைகள் க்ஷணத்தில் வந்து குவிகின்றன. அத்தனையும், ஹோம் டைரக்டரியில் அவிழ்த்துவைத்த அந்த மூலநிரலின் கோப்புகளே.

கடிதம் திரையின் இடது மூலையில், தன் பெயரோடேயே இருக்கிறது. தயவுசெய்து அதைத் திறந்துவிடாதீர்கள். அடுத்த பதிப்பைச் சோதிக்கக் காணாமற்போன பொருள் ஒன்றாவது கைவசம் இருக்கவேண்டும்.