புல்லுக்கு ஒரு பஞ்சாங்கம்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வீரபாண்டியில் எதை நட்டாலும் ஊர் ஒரே கேள்விதான் கேட்கும்: "காய்ப்புக்கு வர எத்தனை மாசம்?" தென்னை, வாழை, முருங்கை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது, வீட்டு முன்னால் லான் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கு மட்டும் பதில் இல்லை.

எதிர்வீட்டுச் சம்சாரி மறுநாளே வந்து நின்றார். "வாத்தியாரய்யா, மாடு வாங்கப் போறீங்களா?"

"இல்லையே."

"அப்ப ஆடு?"

"அதுவும் இல்லை."

"பின்ன எதுக்கு இம்புட்டுப் புல்லு?"

"பார்க்கிறதுக்கு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லானில் இரண்டு ஜாதிப் புல். வெயில் விழும் பக்கம் பெர்முடா. நிழல் பட்டால் நூலாக இளைத்துவிடும். தென்னை நிழல் பக்கம் கொரியன் புல். அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பரவுவதற்குள் நமக்கு வயதாகிவிடும். வெட்டாமல் விட்டால் மேடுமேடாக உப்பிக்கொள்ளும். பெர்முடாவின் பூர்வீகத்தை விசாரித்தால் நம்மூர் வரப்பில் கிடக்கும் அருகம்புல் வம்சம்தான். களையெடுக்கும் அக்கா ஒருத்தர் காலையில் வயலில் அருகம்புல்லைப் பிடுங்கிக் கூலி வாங்கினார். சாயங்காலம் என் வீட்டில் அதை நட்டுக் கூலி வாங்கினார். இரண்டுக்கும் ஒரே முகம்தான். "பிடுங்குனாலும் காசு, நட்டாலும் காசு. எனக்கென்ன வந்துச்சு?"

பராமரிப்பு மட்டும் நியூஜெர்சியிலிருந்து நடந்தது. அங்கே புளூகிராஸ், ஃபெஸ்க்யூ என்று குளிர்ப் பிரதேசப் புல். வசந்தத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் தழைக்கும், கோடையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். நம்முடையது வெயில் ஜாதி. முப்பது டிகிரியில்தான் குஷி. மகனுக்கு இது பிடிபடவில்லை. "அப்பா, பனி விழுறதுக்குள்ள உதிர்ற இலையெல்லாம் கூட்டி அள்ளிடுங்க" என்பான். என் லானில் உதிர்வது தென்னைமட்டை. அது எனக்குப் பக்கத்தில் உதிர்ந்தால் நான் கூட்டுவேன். என்மேல் உதிர்ந்தால் என்னை வேறு யாராவது கூட்ட வேண்டும்.

அதனால் நானே ஒரு பஞ்சாங்கம் கணித்துக்கொண்டேன்.

சித்திரையில் விடியற்காலையில் மட்டும் தண்ணீர். தினமும் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வேர்வரை நனைய விடுவது மேல். புல்லைக் கொஞ்சம் உயரமாகவே விட வேண்டும். அந்த மாதக் கடைசியில் கௌமாரியம்மன் திருவிழா. அக்னிச்சட்டிக்கும் ஆயிரங்கண் பானைக்கும் நேர்ந்துகொண்ட சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். லானில் பாய் விரிக்கும், அண்டா கவிழ்க்கும், நேர்ச்சைக் கிடாயைக் கட்டும். கிடாய் ஒன்றுதான் லானை அதன் தகுதியறிந்து பாராட்டியது. விடிவதற்குள் ஒரு வட்டம் சுத்தமாக மொட்டை.

ஆனி, ஆடியில் கூடலூர், கம்பம் பக்கம் சாரல். வீரபாண்டிக்கு வந்து சேரும்போது அது வெறும் காற்றாகத்தான் வரும். சலித்த தொழுஉரமும் மணலும் கலந்து மேலே தூவினேன். பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. தெருவே பிளாஸ்டிக் கூடையோடு வந்து, "ரெண்டு கொத்து அருகம்புல் பறிச்சுக்கிறோம் தாத்தா" என்றது. லானுக்கு முதல் மரியாதை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். ஒரே மூச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் பழுத்துவிடும். கூடவே கோரை கிளம்பும். மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே இருந்துகொண்டு, ஒன்றுக்கு நான்காகப் பிள்ளைகளை அனுப்பும். மார்கழிக் குளிரில் புல் வளர்ச்சியை நிறுத்திவிட்டு வெளிறும். உரம் வேண்டாம், சும்மா விட்டாலே போதும். வருடத்தில் எனக்குப் பிடித்த பராமரிப்பு இதுதான்.

நெல்லுக்குப் பாய்ந்ததில் புல்லுக்கும் கொஞ்சம் பொசியும் என்றார் ஔவையார். எங்கள் வீட்டில் புல்லுக்குப் பாய்ந்தது போக மிச்சம்தான் கறிவேப்பிலைக்கு.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரரை மடக்கப் பார்த்தேன். "நெல், கரும்பு, சோளம் எல்லாமே புல் குடும்பம்தான். ஜூன் மாசம் பெரியாத்துத் தண்ணி திறந்துவிட்டால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரிலும் நீங்க வளக்கிறது புல்தானே?"

"இருக்கட்டும்யா. எம்புல்லு சோறு போடுது. ஒங்க புல்லு என்ன போடுது?"

சரித்திரமும் அவர் கட்சிதான். பெரியாறு அணை திறந்தது 1895. கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் தொடங்கியதும் அதே 1895. மலைமேல் துரைமார் பந்தடிக்கப் புல் வளர்த்தார்கள்; அணையைக் கட்டிய பென்னிகுயிக், மலைக்குக் கீழே நெல்லுக்குத் தண்ணீர் அனுப்பினார். எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் உண்டு. கோல்ஃப் என்று ஒரு பிள்ளையும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் எதிர்வீட்டுக்காரரே பண்ணரிவாளோடு வந்தார். "மிஷினைப் போட்டுக் கரண்டைக் கெடுக்காதீங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா அறுத்து எம்மாட்டுக்குப் போட்டுக்கிறேன்." மிஷினைவிடச் சமமாக அறுத்தார்.

வீடியோவில் பார்த்த மகன் அசந்துவிட்டான். "அப்பா, சூப்பரா இருக்கே! ஆள் வச்சிருக்கீங்களா? மாசம் எவ்வளவு?"

"தினம் அரை லிட்டர்" என்றேன்.

"பெட்ரோலா?"

"பாலுப்பா. அவர்தான் எனக்குக் குடுக்கிறார்."