பொறுங்கள், முதலில் ஒரு மிடறு

உணவுக்கும் ஜின்னுக்கும் பொருத்தம் பார்க்கும் அந்தப் பெரியவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம்; வேறு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்கலாம்; ஆனால் நீங்கள் பசியோடு வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோகிற அந்தக் கணத்தில், எதிர் நாற்காலியிலிருந்து வலக்கையைக் கோயில் விக்கிரகத்தின் அபயஹஸ்தம்போல் உயர்த்தி, "பொறுங்கள்" என்கிறாரே, அந்தப் புண்ணியவான்தான். எங்கள் பினாங்கு டத்தோ கிராமாட்டில், ஈயம் உருக்கும் ஆலை இருந்த இடத்தில் பேரங்காடியும் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்ட இந்தக் காலத்தில், பழைய சின்னங்கள் என்று மிஞ்சியிருப்பவை சிட்டி ஸ்டேடியமும், பாடாங் பிரவுன் உணவுக்கடைகளும், இவருடைய உயர்த்திய கையுமே.

அந்தப் "பொறுங்கள்" ஒரு நீண்ட சடங்கின் தொடக்கம். முதலில் ஜின்னில் ஒரு மிடறு. அதை உடனே விழுங்கிவிடலாகாது. நாவின் நுனியிலும் ஓரங்களிலும் அது சாவதானமாகச் சஞ்சரித்து, ஜூனிப்பரின் வாசனை மூக்கின் பின்வழியாக மேலேறி, கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்வரையில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு கவளம். அதில் பாதி வாயில் இருக்கும்போதே இரண்டாவது மிடறு. அதற்கப்பால் மௌனம். மௌனம் கலைந்ததும் அவர் உங்கள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். பசி தெரிகிறது என்று சொல்ல நா எழும், தாட்சண்யம் தடுத்துவிடும். "ஏதோ எலுமிச்சை மாதிரி…" என்று இழுத்தால், "தோலா, சாறா?" என்பார். "தோல்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தால், அவர் முகத்தில் பரவுகிற பரமானந்தத்தைப் பார்த்து உங்களுக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

இந்த விசாரணை நடக்கையில் தட்டில் இருக்கும் பதார்த்தம் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதை அவர் சிந்திப்பதே இல்லை. சார் குவேய் தியாவ் இரும்புச் சட்டியிலிருந்து இறங்கிய சூட்டில், உதட்டைச் சுட்டாலும் பரவாயில்லை என்று, ஊதி ஊதித் தின்ன வேண்டிய வஸ்து. பாடாங் பிரவுனில் ஒரு சாயங்காலம், ஜூனிப்பருக்கும் கெராங் சிப்பிக்கும் உள்ள பூர்வஜென்ம பந்தத்தை அவர் விளக்கி முடித்தபோது, என் தட்டில் பன்றிக்கொழுப்பு உறைந்து, பட்டை பட்டையான மீயெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகி, முள்கரண்டியால் குத்தித் தூக்கியதும் தட்டின் வட்ட வடிவத்திலேயே எழுந்து வந்தது. அவரும் தம்முடைய தட்டைத் தொட்டிருக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். பிறரைப் பட்டினி போட்டுத் தாம் மட்டும் உண்கிற பாவத்தை அவர் ஒருநாளும் செய்ததில்லை.

உணவுக்கடையில் ஜின் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிப்பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் அது வரும். தண்ணீர்க் கடைக்காரச் சீன அம்மாளிடம் வெறும் ஐஸும் இரண்டு லீமாவ் கஸ்தூரியும் கேட்டு வாங்கிக்கொள்வார். பியர் வாங்க வேண்டிய மேஜையில் ஐஸோடு நிறுத்திக்கொள்ளும் மனிதரை அந்த அம்மாள் எப்படிப் பார்ப்பாள் என்பதை வருணிக்க எனக்கு வன்மை போதாது. ஐஸுக்குக் காசு வாங்கிவிடுவாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஆனால் அவருடைய மெய்யான துயரம் வேறிடத்தில் இருக்கிறது. பினாங்கின் உணவுப் பெருமையில் பெரும்பகுதி நாசி கண்டார் கடைகளுக்கு உரியது. அவற்றை நடத்துகிறவர்கள் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள். 1907-இல் தொடங்கிய ஹமீதியாவாகட்டும், முச்சந்தியில் நேற்றுத் திறந்த கடையாகட்டும், அங்கே மதுவின் நிழலும் படியலாகாது. இவர் மரியாதை தெரிந்தவர். அந்த எல்லையை ஒருபோதும் மீறியதில்லை. ஆகவே எலுமிச்சை ஜூஸை முன்னால் வைத்துக்கொண்டு, இல்லாத ஜின்னைப் பாவனையில் அருந்துகிறார். அந்தப் பெயரையும் உச்சரிக்கக் கூசி, "நண்பர்" என்று சங்கேதமாகச் சொல்வார். மீன் தலையும், கணவாய்ப் பிரட்டலும், வெண்டைக்காயும் வைத்து, நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றிக் கறி பஞ்சிராக வந்திருக்கும் தட்டின் மேல் கையை உயர்த்தி, "பொறுங்கள், இந்த இடத்தில் நண்பர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்பார். நண்பர் இருந்தால்தான் சாப்பாடு ஆறிப்போகும் என்று நினைத்திருந்தேன்; இல்லாவிட்டாலும் ஆறிப்போகிறது. இந்த ஏக்கத்துக்குப் பரிகாரமாகச் சில நாட்களில் சோற்றைப் புங்குஸ் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். போய்ச் சேருவதற்குள் குழம்பையெல்லாம் சோறு குடித்துவிட்டிருக்கும். அப்பளம் ஈரத் துணியாகியிருக்கும்.

சம்பாலைப் பற்றி அவர் கொண்டிருக்கும் சித்தாந்தம் அபாயகரமானது. மிளகாயில் காரத்தைத் தருகிற பொருள் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும் என்பது மெய்தான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எந்தக் காரத்தையும் ஜின் கழுவிவிடும் என்று பிரசங்கம் செய்கிறார். கோப்பையில் ஊற்றுகிற ஜின்னுக்கு அவ்வளவு வீரியம் கிடையாது. அதற்கு மாறாக, நாவில் சூட்டை உணர்கிற நரம்புகளைச் சாராயம் மேலும் உசுப்பிவிடும். டோனிக்கில் இருக்கிற சர்க்கரைதான் ஏதோ கொஞ்சம் ஆற்றும்; அந்தப் புகழையும் ஜின்னே தட்டிக்கொண்டு போகும். நெற்றியில் வியர்வை ஆறாக ஓட, கண்களில் நீர் தளும்ப, மூக்கைத் துடைத்துக்கொண்டே, "பார்த்தீர்களா, எப்படி மலர்கிறது!" என்று அவர் சொல்லும்போது, எதிரே இருப்பவர் கைக்குட்டையை நீட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

சரித்திரத்தில் புகுந்தால் அவரை வெளியே இழுப்பது கஷ்டம். ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் கடலோரத்தில் அஸ்திவாரம் போட்ட ஈ அண்ட் ஓ ஹோட்டலில், அந்திக் கருக்கலில் துரைமார்கள் பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்துகொண்டு, கசப்புச் சாரம் சில துளிகள் விட்ட 'ஜின் பாஹிட்' அருந்தினார்கள் என்பதை, தாமே அங்கே பரிமாறிக்கொண்டு நின்றவரைப்போலச் சொல்வார். அதே சகோதரர்களுடைய சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் தோங் பூன் என்னும் சீனர் கலந்து கொடுத்த 'சிங்கப்பூர் ஸ்லிங்', அவர் அபிப்பிராயத்தில், குழந்தைகளுக்கான சர்பத்து. லைட் துரை காலத்திலிருந்து தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்த பினாங்கு 1969-இல் அந்த உரிமையை இழந்ததை, சொந்தச் சொத்து பறிபோனதுபோல் பேசுவார். 1987-இல் அந்தச் சலுகை லங்காவிக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் எவர் லங்காவிக்குப் படகேறினாலும் அவருக்கு இவரிடமிருந்து ஒரு விண்ணப்பம் முன்கூட்டியே போய்விடும். தேனிலவுக்குப் போன புதுத் தம்பதிகளும் அதற்கு விலக்கல்ல.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவேன். துரைமார் பெருமையை அவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. செபராங் பிறையில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் வந்தவர் அவர். அந்தப் பாட்டனார் தலைமுறைக்கு வாய்த்தது பிரம்பு நாற்காலியும் பாஹிட்டும் அல்ல, தோட்டத்துக் கள்ளுக்கடை. வாங்கின கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கென்றே திறந்து வைத்ததுபோல் இருந்த அந்தக் கடைகளை மூடச் சொல்வதும், 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. கொயினாவும் அப்படித்தான்: மலேரியாவுக்கு அஞ்சி அதே கசப்பைத் துரை டோனிக்கில் கலந்து ஜின்னோடு குடித்தார், தொழிலாளி வெறும் நாக்கில் விழுங்கினார். இன்றைக்கு டோனிக்கில் இருக்கிற கொயினா பெயருக்குத்தான். லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்பது அமெரிக்காவின் விதி. அந்தச் சொற்பத்தை நம்பி, தமக்கு டெங்கியும் வராது என்று மார்தட்டுகிறார். கொயினாவுக்கும் டெங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கள் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிற இந்த மனிதர், பாட்டனாரைக் குனியவைத்தவர்களின் கோப்பையைத் தமது பரம்பரைச் சொத்தாகக் கொண்டாடுவது எனக்குப் பிடிக்கவில்லை; அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். "அதனால்தான் ஐயா இப்போது நான் குடிக்கிறேன்" என்றார். அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முன்னால் வரும் விரத நாட்களில் போத்தல் அலமாரிக்குள் போய்விடும், இறைச்சியும் நின்றுவிடும். வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலையை நோக்கிப் போகும் நாளில் தண்ணீர்ப் பந்தலில் அவரைப் பார்க்க வேண்டும். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய நீறோடு, மோர் அண்டாவின் முன்னால் விடியற்காலையிலிருந்து நிற்பார். வெறுங்காலோடு வந்த பால்குடக்காரிகளுக்கும் வெயிலில் துவண்ட குழந்தைகளுக்கும் ஓடி ஓடி ஊற்றுவார். சீனர், தமிழர் என்று பார்ப்பதில்லை. அன்று ஒருவரையும் காக்கவைப்பதில்லை. இன்னொரு குவளை கேட்பதற்கு முன்பே நிரம்பியிருக்கும். வருஷத்தில் அந்தச் சில வாரங்களுக்காகவே அவருடைய சிநேகத்தை நான் விடாமல் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் அநியாயமாகிவிடும். தீபாவளி உபசரிப்புக்கு அந்த அம்மாள் செய்கிற ஆட்டிறைச்சிப் பிரட்டல், இந்தத் தெருவில் பாடல் பெற்ற ஸ்தலம். முதல் நாளே மசாலை வறுத்து அரைத்து, விடியுமுன் அடுப்பேற்றி, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிந்து, எலும்பைத் தொட்டால் கறி கழன்று விழுகிற பதத்தில் இறக்குவாள். சென்ற தீபாவளியன்று அது மேஜைக்கு வந்ததும் கை உயர்ந்தது. நீலப் புட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி, அதன் மேல் எழுதியிருந்த பத்துச் சரக்குகளில் கொத்தமல்லி விதை, லவங்கப்பட்டை, அதிமதுரம், வால்மிளகு என்று ஒவ்வொன்றாகப் பிரஸ்தாபித்து, கறியில் இருக்கும் கொத்தமல்லி ஜின்னில் இருக்கும் கொத்தமல்லியைக் கண்டுகொள்ளும் ரகசியத்தை விவரிக்கலானார்.

"ஏங்க, அதிமதுரமும் வால்மிளகுமா?" என்றாள் அம்மாள், சமையலறை வாசலில் நின்றபடி. "எங்கம்மா சளிக்குக் காய்ச்சிக் குடுத்த கஷாயம்ங்க இது. இதுக்குப் போயா இவ்வளவு வெள்ளி?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், சிரித்துவிட்டு ஒரு மிடறு, ஒரு துண்டு, இன்னொரு மிடறு, கண்களைத் திறந்து, "ஜின் இந்தக் கறியை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டது" என்றார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விடியுமுன் எழுந்தவள் அவள். தூக்கிக்கொண்டு போனது புட்டியாம். நாற்பது வருஷம் சமைத்துப் போட்ட கைக்கு, நன்றாயிருக்கிறது என்கிற ஒரு வார்த்தையை இங்கிலாந்தில் வடித்த ஒரு திரவத்தின் பெயரால்தான் சொல்ல வேண்டுமா? நாவின் நுனியிலும் ஓரத்திலும் நடக்கிறதையெல்லாம் கண்டுபிடிக்கிறவருக்கு, வாசலில் நிற்கிற மனுஷியின் முகம் தெரியவில்லை.

இந்த வருஷ அழைப்பும் வந்துவிட்டது. அவர் பகல் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், புதிதாக ஒரு புட்டி இருக்கிறதாம். அம்மாள் என் மனைவியிடம் தனியாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள்: அவர் காலையில் கோயிலுக்குப் போனால் பன்னிரண்டுக்கு முன் திரும்பமாட்டார், பத்தரைக்கே வந்துவிடுங்கள், பிரட்டல் சூடாக இருக்கும்.