சாணா, முழமா? எஞ்சின் கால் நீளம் குறித்து ஓர் ஆய்வு

1909இல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் தன் படகு எஞ்சினை விற்கத் தொடங்கினார். அதைக் கொழுவும் வள்ளத்துப் பின்பலகையின் உயரமோ இன்றுவரை எந்தத் தமிழறிஞரின் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. இக்குறையைப் போக்க, லிங்கநகரில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கிலில் அமர்ந்து இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

எஞ்சினின் கால், அதாவது பலகையிலிருந்து விசிறியை நோக்கிக் கீழிறங்கும் பகுதி, எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில் முந்தைய கொள்கைகள் மூன்று. நீட்டுக் கொள்கையார் கூற்று: “நீளமான வள்ளத்துக்கு நீளமான கால்.” குதிரைவலுக் கொள்கையார், 15 குதிரைக்குக் கட்டைக் கால், 40 குதிரைக்கு நெட்டைக் கால் என்பர். மச்சான் கொள்கையாரோ, மச்சான் மலிவாகத் தருவதே சரியான நீளம் என்று வாதத்தை முடித்துவிடுவர். மூவரும் வள்ளத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் அல்லர்.

பிழையின் விளைவுகள் இருவகை. கால் கட்டையானால், கொட்டியாரக் குடாவில் அலை சற்று எழும்பியதும் விசிறி நீரை விட்டுக் காற்றைப் பிடிக்கும். எஞ்சின் அலறும், வள்ளம் நகராது. குளிர்நீர் இழுக்கும் துவாரமும் வெளியே வந்தால் எஞ்சின் சூடேறும். ‘சாண் ஏற முழம் சறுக்கும்’ என்பதை எஞ்சின் பிறக்குமுன்பே முன்னோர் எப்படி அறிந்தனர் என்பது தனி ஆய்வுக்குரியது. கால் நெட்டையானால், அது தண்ணீரை உழுது வேகத்தைத் தின்னும்; கரை தட்டும் இடத்தில் மணலையும் உழும்.

சந்தையில் கிடைக்கும் கால்கள் பெரும்பாலும் 15, 20, 25 அங்குலம். நம் முழமோ 18 அங்குலம். முதலிரண்டுக்கும் ஏறத்தாழ நடுவே நிற்கிறது. எனவே, பலகை முழத்துக்குக் குறைந்தால் கட்டை, மிஞ்சினால் நெட்டை என ‘லிங்கநகர் முழக் கோட்பாடு’ உருவாயிற்று.

கோட்பாட்டைப் பக்கத்து வீட்டு அண்ணையின் வள்ளத்தில் சோதித்தோம். என் கைக்குப் பலகை முழத்தைத் தாண்டியது: நெட்டை. ஆறடி உயர அண்ணையின் கைக்கு முழம் நிறையவில்லை: கட்டை. கோட்பாடு அங்கேயே கவிழ்ந்தது.

“தம்பி, பூக்காரி முழம் போட்டா எஞ்சின் வாங்கிறது?” என்றபடி அண்ணை அளவுநாடாவை எடுத்தார். பலகையின் மேல் விளிம்பில், நட்டநடுவில் பிடித்து, வள்ளத்தின் அடிவரை இழுத்தார். 19½ அங்குலம். அதற்கு 20 அங்குலக் கால். விசிறிக்கு மேலே தோசைத்தட்டுப் போல நீட்டி நிற்கும் தகடு, வள்ளத்தின் அடியோடு மட்டமாகவோ ஓர் அங்குலம் வரை கீழேயோ நின்றால் போதும் என்று விளக்கினார். ஆய்வாளர் ஐந்து தேத்தண்ணியில் கண்டறியாததை அவர் அரை நிமிடத்தில் முடித்தார்.

முடிவு: எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் பணத்தோடு பலகையின் அளவையும் கடைக்குக் கொண்டுபோகவும். அளவுநாடா இரவலாக இருக்கலாம். முழம் இரவலாக இருக்கக் கூடாது.