தொட்டிக்கார மருமகனுக்கு

வாய்யா மருமகனே, வா. மொட்டைமாடியில சுடுதண்ணித் தொட்டி வச்சிருக்கியாமே, கரண்டுல குமிழி விடுதாமே! சித்திரையில விருதுநகர்ல குழாயைத் திறந்தாலே வெந்நிதான் கொட்டுது. அதையும் துட்டுக் கொடுத்துச் சூடாக்குற மகராசன் நீ ஒருத்தன்தான்.

தண்ணி கலங்கி நுரை கட்டுதுன்னு உன் அத்தைகிட்ட புலம்புனியாமே. கட்டாம என்ன செய்யும்? சனிக்கிழமை நல்லெண்ணெயோட இறங்குற. ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா தின்ன கையோட இறங்குற. அத்தனையும் ஃபில்டர் மடிப்புக்குள்ளதான் போயி உக்காருது.

அதைக் கழுவ நீ எடுத்து வச்சிருக்கிற சாமானையும் பார்த்தேன். பக்கெட்டுல பிளீச்சிங் பவுடர், பக்கத்துல கக்கூஸ் கழுவுற ஆசிட். ரெண்டையும் கலந்தா சீக்கிரம் வெளுக்கும்னு கணக்கு! பட்டாசு மருந்துலயே கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்க்கக் கூடாதுன்னு 1992லயே சர்க்கார் தடை போட்டுருச்சு. சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போற பொம்பளைகளைக் கேளு, எது எதோட சேராதுன்னு சொல்லும். நீ என்ஜினியராச்சே, உனக்கு எதுக்கு அதெல்லாம்? ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தா குளோரின் புகை வரும்யா. 1915ல ஜெர்மன்காரன் பெல்ஜியத்துல எதிராளி மேல அவுத்துவிட்ட அதே புகை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுக் கலந்தேன்னு வையி, ஜெர்மன்காரனும் நீயே, எதிராளியும் நீயே.

தொட்டிக்குன்னு வாங்குன குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடர் டப்பாவுலயே போட்டு வச்சிருக்க. ரெண்டும் குளோரின்தானேங்கிற. பங்காளிகளை ஒரே வீட்டுல குடி வைக்கலாமாய்யா? கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். லைசென்ஸ் இல்லாம பட்டாசு ஆபீஸ் நடத்துறான்னு போலீஸ் வந்து நிக்கும்.

சரி, கழுவுற விதம் கேளு. மொதல்ல மெயினை அணை. ரிமோட்டை அமுக்கிட்டு வந்து நிக்காத. ஃபில்டரைக் கழட்டி, ஓஸைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஒவ்வொரு மடிப்பா மேல இருந்து கீழ கழுவு. கார் கழுவுற கடைக்குத் தூக்கிட்டுப் போயி பீய்ச்சி அடிச்சே, கிழிஞ்சுரும். எண்ணெய் எடுக்க ஃபில்டருக்குன்னே பவுடர் விக்கான். அதுல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு நல்லா அலசு. நம்ம போர் தண்ணி உப்பு அப்புறமும் வெள்ளையாப் படிஞ்சிருந்தாத்தான் ஆசிட் பக்கமே போகணும். எண்ணெய் போகுமுன்ன ஆசிட்ல போட்டா அழுக்கு மடிப்போட இறுகிரும். அதையும் தண்ணிக்குள்ள ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. ஆசிட்டுக்குள்ள தண்ணியை ஊத்துனா மூஞ்சிக்குத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கிட்டு வெட்டவெளியில நின்னு செய். கண்ணாடின்னா கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்தியே, அது இல்ல.

கழுவாட்டி என்னன்னு கேக்காத. 1999ல நெதர்லாந்துல ஒரு மலர்க் கண்காட்சியில, பார்வைக்கு வச்ச சுடுதண்ணித் தொட்டியோட சாரல்ல கிருமி பரவி 30 பேருக்கு மேல செத்தாங்க. குளிச்சவங்க இல்ல, சும்மா அந்தப் பக்கமாப் போனவங்க.

ஃபில்டர் காஞ்சு திரும்ப மாட்டுற வரைக்கும் தொட்டியை ஓட்டாத. மேலு அரிச்சா நம்ம தோட்டத்துக்கு வா, பம்பு செட்டு ஓடுது. ஃபில்டரும் கிடையாது, கரண்டுக்குச் சர்க்கார் துட்டும் கேக்கிறதில்ல. வரும்போது எனக்கு ரெண்டு பரோட்டா கட்டிட்டு வா. கையைக் கழுவிட்டுத்தான் இறங்கணும், ஆமா.