துண்டைக் கழட்டு தம்பி

வா தம்பி, உக்காரு. கறுப்பு சிவப்புக் கரைத்துண்டு புதுசா? அந்தமான்ல இந்தச் சிப்பிகாட் வரைக்கும் வந்து கட்சி வளர்க்கறியே, மெச்சத்தான் வேணும்.

தமிழன் ஓட்டு மொத்தமும் நமக்குத்தாங்கற. இருக்கட்டும். 2011 கணக்கெடுப்புப்படி இந்தத் தீவுகள்ல நூத்துக்கு 28 பேர் வங்காளி, 19 பேர் இந்திக்காரன், 15 பேர் தமிழன், 13 பேர் தெலுங்கன். சட்டசபை கிடையாது, மொத்தத் தீவுக்கும் ஒரே ஒரு எம்.பி. அந்த 15-லயும் பாதிப் பேர் உங்களைத் திட்டறவன். மீதியில ஒருத்தன் நான். நான் இன்னும் முடிவு பண்ணல.

மனோரஞ்சன் பக்தான்னு ஒரு வங்காளி இருந்தாரு, காங்கிரசு. 1977-ல வடக்கே அந்தக் கட்சி குப்புற விழுந்தப்போ இங்க ஜெயிச்சாரு. அதோட சேர்த்து 8 தடவை எம்.பி. வங்காளியை மட்டும் நம்பியிருந்தா அது நடக்குமா?

அவரு பழைய ஆளுன்னு தள்ளினாலும், 2022 போர்ட் பிளேர் நகராட்சித் தேர்தலை மறந்திருக்க மாட்டே. 24 வார்டுல உங்க திமுகவுக்கு 1, தெலுங்கு தேசத்துக்கு 2. அடுத்த வருசமே தலைவர் நாற்காலியில தெலுங்கு தேசம் உக்காந்துச்சு, பாஜக தோள் கொடுத்து. உக்காந்தவங்க பேரு செல்வி! ஆந்திராக் கட்சிக்கு வாய்ச்ச புத்தி உனக்கு ஏன் வாய்க்கலைன்னு நான் கேக்க மாட்டேன். பெரியவங்க விசயம்.

அதோ தண்ணி நிக்குது பாரு, கொக்கு மேயுற இடம். 2004 டிசம்பர் 26-க்கு முன்னால அதெல்லாம் வயல். சுனாமிக்குப் பூமி தாழ்ந்து, உப்புத்தண்ணி ஏறினது ஏறினதுதான். இப்போ கேமராக்காரன் நாரையைப் படம் பிடிக்க வர்றான். ஓட்டு கேட்டவனுங்களும் வந்தானுங்க, அவனவன் பாஷைக்காரன் வீட்டு வாசலோட திரும்பிட்டானுங்க. அந்தக் கரையோரம் ஒரு வங்காளித் தாத்தா இருக்காரு. வாய்க்கால் அடைச்சு, மழைக்குத் தண்ணி அடுப்படிக்கே வருது. மனு எழுத ஆளில்ல. நீ போய் எழுதிக் கொடு.

உனக்கு இந்தி வராதா? வராதுன்னு கட்சிக்காரன்கிட்ட சொல்லு, தாத்தாகிட்ட இந்தியில பேசிக்கோ. கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில நிக்கிறப்போ எல்லாருக்கும் இந்தி நல்லாவே வருது, உன்னையும் பாத்திருக்கேன்.

சேறா இருக்கும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கோ. துண்டை இங்க கொடுத்துட்டுப் போ. கன்னுக்குட்டிக் கயிறு அறுந்து போச்சு, நீ திரும்பற வரைக்கும் உபயோகப்படும்.