நான்காம் ஸ்னாப்: ஜெட்ஸ் ரசிகர் தர்க்க மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

நியூயார்க் ஜெட்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் எதிர்காலம் பற்றி அதன் ரசிகர்கள் நிகழ்த்தும் வாதமானது, குவாட்டர்பேக் காயம்படும்போது தோன்றுவது. அவர் குணமடைந்த பின்னும் நீங்காதது. எதிர்காலம் என்று பெயர் சூட்டிக்கொண்டு இறந்தகாலத்தையே பேசுவது. ஒரே சான்றிலிருந்து எதிரெதிர் முடிவுகளைப் பெற்றுத் தருவது. வாதத்தின்போது உண்ணப்படும் உணவு அதன் உறுப்பா, வெறும் துணையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உறுப்பே என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. உணவு தீர்ந்தபின் வாதத்தின் தரம் குறைவது கண்கூடு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு பின்வருமாறு. ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா என்று தீர்மானிப்பவர் குவாட்டர்பேக். பந்து அவர் கைக்கு வரும் கணம் ஸ்னாப். 2023 ஏப்ரலில் ஜெட்ஸ் அணி, கிரீன் பே பேக்கர்ஸிடமிருந்து ஆரோன் ராட்ஜர்ஸைப் பெற்றது. ஆண்டின் சிறந்த வீரர் விருதை 4 முறை வென்றவர்; பருவத்தின் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பவுலை ஒருமுறை வென்றவர்; வயது 39. அவ்வாண்டு செப்டம்பர் 11, திங்கள் இரவு, நியூஜெர்சியின் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டிலுள்ள மெட்லைஃப் அரங்கில் பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிராக, அமெரிக்கக் கொடியை ஏந்தியபடி ஓடிவந்து களம் புகுந்தார். நான்காவது ஸ்னாப்பில் லெனர்ட் ஃபிளாய்டு அவரைச் சாய்த்தார். இடது கால் குதிநாண் அறுந்தது. ஆண்டு முழுமைக்கும் அவருக்கான ஏட்டுக் கணக்கு: எறிந்தது 1, சேர்ந்தது 0. இவ்வளவு சிறிய மூலநூலுக்கு இவ்வளவு பெரிய உரை வேறெங்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

சான்றுகள் இருவகை. வாய்மொழிச் சான்றுகள், ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே அரங்கின் பார்க்கிங் மைதானத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு உண்ணும் டெயில்கேட் கூட்டங்களிலும், 1987 ஜூலை 1 முதல் முழுநேர விளையாட்டு வானொலியாக இயங்கும் டபிள்யூ.எஃப்.ஏ.என். அலைவரிசையிலும் கிடைப்பன. வானொலிச் சான்றுகள் யாவும், தாம் நெடுநாள் நேயர் என்றும் இப்போதுதான் முதன்முறை அழைப்பதாகவும் கூறும் காப்புச் செய்யுளோடு தொடங்கும். எழுத்துச் சான்றுகள் காகிதத் தட்டுகளின் பின்புறத்தில் பேனாவால் வரையப்பட்ட அட்டவணைகள். இக்கட்டுரையில் அவை தட்டு அ, தட்டு ஆ என்ற வரிசையில் சுட்டப்படும். தட்டு இ கிடைக்கவில்லை. ஆயினும் தட்டு ஈ அதைக் கடுமையாக மறுத்து எழுதியிருப்பதால் அது இருந்தது உறுதி. சிறப்பாக இருந்தது என்பதும் உறுதி.

வாத மரபுகளுள் காலத்தால் முந்தியது தற்காப்பு வாதம். குவாட்டர்பேக் வீழ்ந்த அதே இரவில் ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22–16 என வென்றது. ஜோர்டன் வைட்ஹெட் எதிரணி எறிந்த பந்துகளில் 3-ஐ இடைமறித்தார். அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவரும் சீண்டாத புதுமுகம் சேவியர் கிப்ஸன், உதைத்து அனுப்பப்பட்ட பந்தைப் பிடித்து 65 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார். தற்காப்பு வலுவாயின் குவாட்டர்பேக் எதற்கு என்று தட்டு அ வினவுகிறது. அடுத்த ஞாயிறு டல்லஸ் கவ்பாய்ஸிடம் 10–30 எனத் தோற்றதும் இம்மரபு மறைந்தது. மொத்த ஆயுள் ஆறு நாள்.

அடுத்தது மாற்றாள் வாதம். 2021 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜாக் வில்சன் ராட்ஜர்ஸின் இடத்தில் இறங்கினார். அவரல்லாத எவரும் உத்தமம் என்பதே இம்மரபின் ஒரே கோட்பாடு. நவம்பர் 24 அன்று அவரல்லாத டிம் பாயில் முதல் பாதியின் கடைசி நகர்வில் உயரத் தூக்கி எறிந்த பந்தை மயாமி வீரர் பிடித்து 99 யார்டு ஓடி எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன் ஆக்கினார். கோட்பாடு அன்றே திருத்தப்பட்டது.

சதவீத வாதம்: ராட்ஜர்ஸ் அவ்வாண்டின் நகர்வுகளில் 65 விழுக்காடு ஆடினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையைப் பேக்கர்ஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது; நாண் அறுந்ததால் இரண்டாம் சுற்றோடு போயிற்று; எனவே லாபம்.

தோல்வி விழையும் வாதம் சற்று ஆழமானது. ஒரு பருவம் பாழானது உறுதியெனில் அதை முற்றாகப் பாழாக்கி, கடைசி இடம் பிடித்து, அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வைப் பெறவேண்டும் என்பது இதன் சாரம். 2020-ல் ஜெட்ஸ் முதல் 13 ஆட்டங்களிலும் தோற்று இந்நெறியில் பிசகாது நடந்தது. டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸை 23–20 என வென்று நெறி தவறியது. மறுவாரம் கிளீவ்லாந்தையும் வென்று தவற்றை உறுதிசெய்தது. முதல் தேர்வு ஜாக்சன்வில்லுக்குப் போயிற்று; ட்ரெவர் லாரன்ஸும் போனார்; இரண்டாம் தேர்வில் கிடைத்தவரே மேற்படி ஜாக் வில்சன். ஆகவே 2023-ன் தோல்விகளுக்குக் காரணம் 2020-ன் வெற்றிகள் என்று இம்மரபினர் நிறுவுவர். இதை மறுப்பது கடினம். 2023-ல் அணி 7 வெற்றி, 10 தோல்வி என முடித்தது. பிளேஆஃப் என்னும் பருவ இறுதிச் சுற்றுகளுக்குப் போதாத, முதல் தேர்வுக்கும் போதாத இந்த நடுத்தர நிலையை அவர்கள் ஒழுக்கக்கேடு என்றே வகைப்படுத்துகின்றனர்.

இனி மூலகாரண ஆராய்ச்சி. இத்துறையே மிக வளர்ந்தது. அறிஞர் கூட்டமும் இங்கேதான் அதிகம். நாண் ஏன் அறுந்தது என்பது வினா. செயற்கைப் புல்லே காரணம் என்போர் முதற்பிரிவினர். வீரர் சங்கமும் காயத்தையடுத்து இயற்கைப் புல்லையே வலியுறுத்தியது. அதே அரங்கில் 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மட்டும் இயற்கைப் புல் வேண்டுமென்று ஃபிஃபா விதித்திருப்பது, விருந்தாளிக்குத் தலைவாழை இலையும் வீட்டுப் பிள்ளைக்குக் காகிதத் தட்டும் இடுவது போன்றது என்று தட்டு உ வருந்துகிறது. தான் எதன்மீது எழுதப்பட்டிருக்கிறது என்பதை அது அறிந்தே சொல்வதாகக் கொள்ளலாம்.

புல் அன்று, காவலே காரணம் என்பர் இரண்டாம் பிரிவினர். இடப்பக்கம் காத்த டுவேன் பிரவுனுக்கு வயது 38. காத்தவர், காக்கப்பட்டவர் இருவர் வயதையும் கூட்டினால் 77. ஏன் கூட்ட வேண்டும் என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. ஆனால் கூட்டல் சரியாக உள்ளது.

மூன்றாம் பிரிவினர் கொடியைப் பழிக்கின்றனர். கொடியின் பாரம் உடலின் ஒரு பக்கத்தை அயர்த்தியதாம். கொடி வலக்கையிலா இடக்கையிலா என்பதில் இப்பிரிவு இரண்டாக உடைந்தது. காணொளி இருக்கிறதே என்று ஒரு சிறுவன் கைப்பேசியை நீட்டியதும், கண்ணால் கண்டவன் சாட்சியேயன்றி ஆய்வாளன் அல்லன் என்று அவன் அமர்த்தப்பட்டதும் தட்டு ஊ-வின் விளிம்பில், கடுகுக் குழம்பு படிந்த பகுதிக்குச் சற்று மேலே, வேறொரு கையெழுத்தில் காணப்படுகின்றன. இதை இடைச்செருகல் என்பாரும் உளர். ஒரு பாடபேதத்தை முப்பதாண்டு அடைகாத்து அதன்மேல் ஒரு துறைத்தலைவர் நாற்காலியை நிறுவும் கலை பல்கலைக்கழகங்களுக்கே உரியது. பார்க்கிங் மைதானத்து நாற்காலிகள் மடக்கக்கூடியவை என்பதால் அங்கே அது வேரூன்றவில்லை.

காலத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள ஆய்வாளர் மதிப்பு கூடும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. எனவே காரணம் 2023-ல் நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் ஜீனோ ஸ்மித்தின் தாடை, 600 டாலர் விவகாரத்தில் சக வீரரின் குத்தால் உடைந்தது. எதிரணிக்குக் காத்திராத காயம் என்ற வகையில் அதற்குத் தனிச்சிறப்பு. (அந்தப் பருவம் மாற்றாளைக் கொண்டு 10 ஆட்டம் வென்றார்கள் என்பதால் இது வரமா சாபமா என்பது தீரவில்லை.) 2005-ல் சாட் பென்னிங்டனும் அவருக்கு மாற்றாக வந்த ஜே ஃபீட்லரும் ஒரே ஆட்டத்தில் தோள் காயமுற்றனர். 1999-ன் முதல் ஆட்டத்திலேயே வின்னி டெஸ்டவெர்டிக்கு, அதே குதிநாண் அறுந்தது. அதற்கும் முன்னே போனால் 1983 டிராஃப்டில் டான் மரீனோவை விட்டுவிட்டு கென் ஓ'பிரையனை எடுத்தது. அதற்கும் முன்னே போனால் 1969 ஜனவரி 12: வெற்றி நிச்சயம் என்று ஜோ நேமத் முன்கூட்டியே உறுதி கூற, பால்டிமோர் கோல்ட்ஸை 16–7 என வென்ற சூப்பர் பவுல். அணி ஆடிய சூப்பர் பவுல் அது ஒன்றே. அவ்வெற்றிக்கு ஈடாக அன்று ஏதோ அடகுவைக்கப்பட்டது என்பது மூத்தோர் கொள்கை. எது அடகுவைக்கப்பட்டது, வட்டி எவ்வளவு என்பவை பற்றித் தட்டுகள் மௌனம் சாதிக்கின்றன.

இவ்விடத்தில்தான் எண்ணியல் மரபு எழுகிறது. நேமத் தாம் அணிந்த 12-ஆம் எண்ணை ராட்ஜர்ஸுக்கு விட்டுத்தர இசைந்தார். ராட்ஜர்ஸ் அதை மறுத்து 8-ஐ அணிந்தார். பன்னிரண்டில் எட்டுப் போக நான்கு. நான்காம் ஸ்னாப்பில் நாண் அறுந்தது. இந்தக் கழித்தலைக் கண்டறிந்தவர் எவர் என்று தெரியவில்லை; உரிமை கோரும் தட்டுகள் ஏழு கிடைத்துள்ளன, அவற்றுள் ஒன்றில் கழித்தல் தவறு. கண்டறிந்த பின் எல்லாம் தெளிவாயிற்று. 2008-ல் இதேபோல் கிரீன் பேயிலிருந்து வந்து, 8–3 என்று தொடங்கிய அணியை 9–7 என்று முடிக்கவைத்த பிரெட் ஃபாவ்ரின் எண் 4. நாண் அறுந்த டெஸ்டவெர்டியின் எண் 16, அதாவது நான்கை நான்கால் பெருக்கியது. 1969-ல் ஜெட்ஸ் எடுத்த புள்ளிகளும் 16. கென் ஓ'பிரையன் எடுக்கப்பட்ட இடம் 24. ஒன்றிலிருந்து நான்கு வரை தொடர்ந்து பெருக்கினால் 24. அணிமாறும் முடிவெடுக்கும் முன் ராட்ஜர்ஸ் இருட்டறையில் தனித்திருந்த நாள்களும் நான்கே என்று தட்டு எ குறிக்க, அதற்கு உரை வகுத்த தட்டு ஏ, இருட்டில் நாள் எண்ணுவது எப்படி என்று கடாவி, வெளியே இருந்தவர்கள் எண்ணினர் என்று தானே விடையும் இறுக்கி, அவ்விடை போதாது என்று தட்டின் மறுபக்கத்தில் தன்னையே மறுத்து, இடம் போதாமையால் ஒரு ரொட்டியின் மீது தொடர்ந்து எழுதியதாகத் தெரிகிறது. ரொட்டி உண்ணப்பட்டுவிட்டது. இத்துறையின் பேரிழப்பு இது.

எதிர்க்கட்சியினர் எண் மூன்றே என்பர். ஆடியது மூன்றாவது சூப்பர் பவுல். வைட்ஹெட் இடைமறித்தது மூன்று. 2019-ல் சுரப்பிக் காய்ச்சலில் படுத்த சாம் டார்னால்டு எடுக்கப்பட்டது மூன்றாம் இடத்தில். கைவிடப்பட்ட மரீனோ பின்னர் மயாமிக்குப் போன இடம் 27, அதாவது மூன்றை மும்முறை பெருக்கியது. இருதரப்பும் இவ்வளவு வலுவாக இருப்பதே இரண்டும் உண்மை என்பதற்குச் சான்று என்று சமரசம் செய்ய முயன்ற ஒருவர், இருதரப்பின் அடுப்பிலிருந்தும் விலக்கிவைக்கப்பட்டார்.

2024 அக்டோபர் 8 அன்று பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார். நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸும் நீக்கப்பட்டார். குணமாகித் திரும்பிய ராட்ஜர்ஸுடன் அணி 5–12 என முடித்தது. குவாட்டர்பேக் நலமாக இருந்தும் தோற்றதால் காயத்தைக் காரணமாகக் கொண்ட அத்தனை ஆராய்ச்சிகளும் வீண் என்று தட்டு ஐ கூறுகிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சட்டையில் அதே மெட்லைஃப் அரங்குக்கு வந்து, ஜெட்ஸுக்கு எதிராக டச் டவுன் எறிவுகள் நான்கு எறிந்து 34–32 என வென்றார். எண்ணியல் மரபினர் அன்று அடைந்த களிப்பு, 2023-ன் முதல் ஆட்ட வெற்றியில் அடைந்ததைவிட மிகுதி என்பது அடுப்பில் எரிந்த கரியின் அளவால் அறியப்படும்.

எஞ்சியது அயலார் கருத்து. அதே அரங்கைத் தம் வீடாகக் கொண்ட ஜயன்ட்ஸ் அணியின் ரசிகர்களும் ஜெட்ஸின் எதிர்காலம் பற்றிக் கருத்துரைப்பதுண்டு. 2023 அக்டோபர் 29 அன்று அங்கே இவ்விரு அணிகளும் மோதின. முன்னேற வழியின்றிப் பந்தை உதைத்துக் கைகழுவியது இருதரப்பிலுமாக 24 முறை. ஜயன்ட்ஸ் எறிந்து ஈட்டிய நிகரத் தூரம் கழித்தல் 9 யார்டு. ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 13–10 என வென்றது. எனவே ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு இவ்வாதத்தில் பங்கேற்கும் தகுதி இல்லை என்று தற்காப்பு வாதிகள், தோல்வி விழைவோர், புல், காவல், கொடி, நான்கு, மூன்று ஆகிய எல்லாத் தரப்பினரும் கையெழுத்திட்டுள்ளனர். எல்லாரும் கையெழுத்திட்ட தட்டு இது ஒன்றே.