பேட்டன் கட்டிய புலி வேஷம்

1944 டிசம்பர் 16. விடிந்தும் விடியாத நேரம். பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் மூடுபனிக்குள்ளிருந்து ஜெர்மன் பீரங்கிகள் இடித்து முழங்கின. ஹிட்லரின் திட்டம் ரொம்ப எளிமை. காட்டைத் தாண்டு, மியூஸ் ஆற்றைத் தாண்டு, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடி. பெட்ரோல்? போகிற வழியில் அமெரிக்காக்காரனிடம் பிடுங்கிக்கொள்ளலாம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் திருப்பதிக்குக் கிளம்பியவன், உண்டியலில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்த மாதிரி.

அந்தப் படையின் ராஜபார்ட், கிங் டைகர் டாங்கி. கிட்டத்தட்ட 70 டன். அதை இழுக்க 700 குதிரைசக்தி இன்ஜின். 45 டன் எடையுள்ள பேந்தர் டாங்கிக்கும் ஏறக்குறைய அதே இன்ஜின்தான். வில்வண்டி மாட்டைக் கொண்டுபோய்த் தேரில் பூட்டினால் என்ன ஆகும்? தேர் நகரும், மாடு செத்துவிடும். அதிலும் நல்ல ரோட்டில் போனாலே கிலோமீட்டருக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கிற மாடு.

21 வருஷம் கழித்து, 1965 டிசம்பரில், இந்தச் சண்டையை ஹாலிவுட் படமாக எடுத்து வெளியிட்டது. ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’. கென் அனாகின் டைரக்‌ஷன். ஹென்றி ஃபோண்டா, ராபர்ட் ஷா நடிப்பு. ஷூட்டிங் ஸ்பெயினில். டாங்கிகளைக் கொடுத்தது ஸ்பெயின் ராணுவம். கிளைமாக்ஸ் டாங்கிச் சண்டை நடக்கிற இடத்தில் பனியும் இல்லை, காடும் இல்லை, காய்ந்த பொட்டல். ஆண்டிப்பட்டிப் பக்கம் எடுத்தது என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

டாங்கிப் பித்தர்கள் இந்தப் படத்தை மன்னிக்காததற்குப் பொட்டல் காடு மட்டும் காரணமில்லை. கிங் டைகராக வருவது எம் 47 டாங்கி. அமெரிக்கத் தயாரிப்பு, போர் முடிந்த பிறகு பிறந்தது. ஜெர்மன் சிலுவையும் சாம்பல் பெயின்ட்டும் அடித்து ஓட்டிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். அந்த எம் 47-க்கு ராணுவம் வைத்த பெயர் ‘பேட்டன்’. அதே ஆர்டென் சண்டையில், டிசம்பர் 26 அன்று, பாஸ்டோன் ஊரின் முற்றுகையை உடைத்தது யாருடைய படை? ஜெனரல் பேட்டனுடையது! சூரசம்ஹாரத்தில் முருகனையே கூப்பிட்டுச் சூரன் வேஷம் கட்டச் சொன்ன கதை இது. அமெரிக்க ஷெர்மன் டாங்கியாக வந்தது எம் 24. பாதிக்குக் கொஞ்சம் மேல் எடை. பீமன் பார்ட்டுக்குச் சகாதேவன்.

பேட்டனுக்கு அந்த வருஷம் ராசி சரியில்லை என்றுதான் சொல்லவேண்டும். படம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால், பஞ்சாபின் கேம்கரன் பக்கம், பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றிலும் கரும்புக் காட்டிலும் நிஜமாகவே மாட்டிக்கொண்டன. பிடிபட்டதையெல்லாம் நம் ஆட்கள் நிறுத்திவைத்த இடத்துக்கு ‘பேட்டன் நகர்’ என்றே பெயர் விழுந்தது.

சரி, ஹாலிவுட்டை மட்டும் ஏன் திட்டவேண்டும்? நிஜச் சண்டையிலேயே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. ஆட்டோ ஸ்கோர்ஸனி என்ற ஜெர்மன் அதிகாரி ஐந்து பேந்தர் டாங்கிகளைப் பிடித்து, சுற்றிலும் தகரம் அடித்து, ஆலிவ் பச்சை பூசி, வெள்ளை நட்சத்திரம் வரைந்து, ‘இது அமெரிக்க எம் 10’ என்று அனுப்பிவைத்தார். டிசம்பர் 21 அன்று மால்மெடியில் அரங்கேற்றம். நாடகம் படுத்துவிட்டது. அமெரிக்க யூனிஃபார்ம் மாட்டி ஜீப்பில் அனுப்பிய ஆட்கள்தான் கொஞ்சம் கலாட்டா செய்தார்கள். அதற்கப்புறம் அமெரிக்கச் சென்ட்ரிகள் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி பொது அறிவுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஜெனரல் பிராட்லியும் தப்பவில்லை. “இலினாய் மாநிலத் தலைநகர் எது?” “ஸ்பிரிங்ஃபீல்ட்” என்றார். சரியான விடை. கேட்டவனோ சிகாகோ என்று நினைத்துக்கொண்டிருந்தான். பல்லாயிரம் பேருக்குத் தளபதி, தப்பான கீயை வைத்துத் திருத்துகிற வாத்தியாரிடம் மாட்டிய பையனாக நின்றார்.

படத்தில் ராபர்ட் ஷா செய்யும் கர்னல் ஹெஸ்லர் மிடுக்கானவர். அவருடைய பையன்கள் பூட்ஸ் காலைத் தட்டித் தட்டிப் பாடும்போது நமக்கே கால் ஆடும். நிஜத்தில் முன்னணியில் போனவர் யோவாகிம் பைப்பர், எஸ்.எஸ். அதிகாரி. டிசம்பர் 17 அன்று மால்மெடி அருகே, கைதாகி நின்ற 84 அமெரிக்கர்களைச் சுட்டுக் கொன்றது அவருடைய படை. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தின் கிளைமாக்ஸ் பெட்ரோல் டிப்போவில். மேட்டிலிருந்து அமெரிக்கர்கள் பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிட, டாங்கிகள் கொழுந்துவிட்டு எரிகின்றன, ஹெஸ்லரோடு சேர்த்து. நிஜத்தில் பைப்பர், பியூலிங்கன் என்ற ஊரில் 50,000 காலன் பெட்ரோலைப் பிடித்து, கைதிகளை விட்டே நிரப்பிக்கொண்டார். அதைவிடப் பெரிய டிப்போ ஸ்டாவ்லோ பக்கம் இருந்தது. அது தெரியாமலே கடந்து மேற்கே போய்விட்டார். லா க்ளேஸ் கிராமத்தில் டேங்க் காலி. சுற்றி வளைத்தாயிற்று. டிசம்பர் 23 நள்ளிரவு கழிந்ததும் டாங்கிகளை அப்படியே போட்டுவிட்டு, சுமார் 800 பேர் காட்டு வழியே நடையைக் கட்டினார்கள். தீயும் இல்லை, பீப்பாயும் இல்லை, பாட்டும் இல்லை. இதை எந்த புரொடியூசர் எடுப்பார்?

விட்டுப்போனதில் ஒரு கிங் டைகர், எண் 213, இன்றும் லா க்ளேஸ் மியூசிய வாசலில் நிற்கிறது. போர் முடிந்து அமெரிக்கர்கள் இழுத்துப்போக வந்தபோது, ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் ஒரு பாட்டில் காக்னாக் கொடுத்துத் தடுத்துவிட்டார் என்பது அந்த ஊர்க் கதை. ஒரிஜினல் புலி, டூப் இல்லை. சண்டையில் அதன் பீரங்கிக் குழாயின் முனை மட்டும் பறந்துவிட்டது. இப்போது மாட்டியிருப்பது பேந்தர் டாங்கியின் முனை.